பட்டினி கிடந்தும் எடை ஏறுதே... ஏன்?

“நான் சாப்பிடறதே இல்லை தம்பி. காலையில ஒரே ஒரு இட்லி. மத்தியானம் ஒரு கரண்டி சாதம். ராத்திரி ஒரு டம்ளர் மோர். அவ்வளவுதான். அப்படியும் போன மாசத்தைவிட ஒரு கிலோ கூடியிருக்கு. காத்தைக் குடிச்சாலே எனக்கு உடம்பு ஏறும் போலிருக்கு!”

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் ஓர் அக்கா இப்படிச் சொன்னபோது, பக்கத்தில் நின்ற அவர் கணவர் சிரித்தார். “நம்பாதீங்க. நான் ஆபீஸ் போனதும் முறுக்கு டப்பாவைத் திறந்திடுவா.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அக்காவின் முகம் சட்டென்று வாடிப் போய்விட்டது.

அக்காவுக்கு வயது நாற்பத்தைந்து. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே. மகள் கல்யாணம் நிச்சயமானபோது எடை 78 கிலோ. “போட்டோவுல நான் மட்டும் குண்டாத் தெரியக்கூடாது” என்று இரண்டரை மாதம் அரைப் பட்டினி கிடந்தார். பத்து கிலோ குறைந்தது. கல்யாணத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். பந்தி முடிந்து, சீர் முடிந்து, வீடு பழைய நிலைக்குத் திரும்பியது. அக்காவின் எடையும் திரும்பியது. ஒரே வருடத்தில் 80! மறுபடி பட்டினி. 75-க்கு வந்தது. பிறகு 82. மூன்றாவது முறை பட்டினி கிடந்தபோது முள் அசையவே இல்லை. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மற்றவர்களுக்கு வியர்க்கும்போது இவருக்குக் குளிர்ந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. எதற்கெடுத்தாலும் எரிச்சல்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். ஏன், நீங்களாகவே இருக்கலாம். அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

உடம்பின் வீட்டுக் கணக்கு

மெட்டபாலிசம் என்ற சொல்லை இப்போது எல்லோரும் சொல்கிறோம். பாடப் புத்தகத்தில் ‘வளர்சிதை மாற்றம்’ என்று படித்திருப்போம். சாப்பிட்டதை உடம்பு எரிபொருளாக மாற்றிச் செலவழிக்கும் வேலை முழுவதற்கும் அதுதான் பெயர்.

நம் உடம்பின் தினசரிச் செலவை மூன்று கணக்காகப் பிரிக்கலாம்.

முதல் கணக்கு, சும்மா படுத்திருந்தாலும் ஆகிற செலவு. இதயம் துடிக்க வேண்டும், மூளையும் கல்லீரலும் சிறுநீரகமும் வேலை செய்ய வேண்டும், உடம்புச் சூடு குறையாமல் இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு மொத்தச் செலவில் 60 முதல் 70 சதவிகிதம் இதற்கே போய்விடும். வீட்டு வாடகை மாதிரி!

இரண்டாவது, சாப்பிட்டதைச் செரிக்க ஆகிற செலவு. சுமார் 10 சதவிகிதம்.

மூன்றாவது, நடை, வீட்டு வேலை, உடற்பயிற்சி, கை காலை ஆட்டுவது வரை எல்லா அசைவுகளும்.

சரி, ஒரு குடும்பத்தில் திடீரென்று சம்பளம் பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு அம்மா என்ன செய்வார்? தேவையில்லாத விளக்கை அணைப்பார். சினிமாவை நிறுத்துவார். பண்டிகைத் துணியைத் தள்ளிப்போடுவார். இருக்கிற சேமிப்பைத் தொடாமல் காப்பாற்றப் பார்ப்பார். உடம்பும் அதைத்தான் செய்கிறது. நீங்கள் கல்யாண போட்டோவுக்காகப் பட்டினி கிடக்கிறீர்களா, பஞ்சம் வந்து கிடக்கிறீர்களா என்று அதற்குத் தெரியாது. ‘வரவு குறைந்துவிட்டது, செலவைக் குறை’ என்று உத்தரவு போட்டுவிடுகிறது.

எங்கெல்லாம் சிக்கனம்?

முதலாவது, உடம்பு சிறுத்தால் செலவும் சிறுக்கும். அக்காவின் வயதுக்கும் உயரத்துக்கும் கணக்குப் போட்டால், 78 கிலோவில் சும்மா இருக்கும்போது ஆகும் செலவு நாளுக்குச் சுமார் 1360 கலோரி. 68 கிலோவில் சுமார் 1260. பத்து கிலோ இளைத்தவருக்கு இந்தக் கணக்கில் மட்டுமே நூறு கலோரி குறைந்துவிடும். இது நியாயமான குறைவு.

இரண்டாவது, தசை இழப்பு. பட்டினியில் கொழுப்பு மட்டும் கரைவதில்லை. தசையும் சேர்ந்து கரைகிறது. பருப்பு, முட்டை, பால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மோரும் ஜூஸுமாகக் கிடந்தால் இன்னும் அதிகமாகக் கரையும். ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போதே நாளுக்குச் சுமார் 13 கலோரி செலவழிக்கும். ஒரு கிலோ கொழுப்புக்கு 4 அல்லது 5 கலோரிதான். தசை போய்க் கொழுப்பு திரும்பி வந்தால், தராசில் அதே எடை. ஆனால் செலவு குறைந்த உடம்பு.

மூன்றாவது, ஹார்மோன்கள். கொழுப்புச் செல்களில் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994-ல் அமெரிக்காவின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். ‘சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது’ என்று மூளைக்குச் செய்தி சொல்வது இதுதான். பட்டினியில் லெப்டின் சரசரவென்று இறங்கும். பசியைத் தூண்டும் கிரெலின் ஏறும். தைராய்டு ஹார்மோன்களில் வேகம் மிக்கதான டி-3 குறையும். அதனால்தான் குளிர்வது, சோர்வது எல்லாம்.

2011-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். பத்து வாரக் கடும் டயட்டில் இளைத்தவர்களை ஒரு வருடம் கழித்துச் சோதித்தபோதும், பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. பசியும் அதிகமாகவே இருந்தது. ‘வாயைக் கட்ட முடியாதவள்’ என்று பழி சுமக்கிற பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்காவதுதான் வேடிக்கை. நமக்கே தெரியாமல் அசைவைக் குறைத்துக்கொள்வோம். முன்பு எழுந்துபோய் எடுத்த தண்ணீரை, “கண்ணு, அந்தச் சொம்பை எடு” என்று கேட்போம். நின்றுகொண்டு நறுக்கிய காயை உட்கார்ந்து நறுக்குவோம். யாரும் கவனிக்காத இந்தச் சிக்கனம் நாளுக்கு நூறு, இருநூறு கலோரிகூட ஆகலாம்.

36 பேர் கிடந்த பட்டினி

இதையெல்லாம் உலகத்துக்கு முதலில் விரிவாகக் காட்டியது ஒரு யுத்த காலப் பரிசோதனை. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாய். ஐரோப்பாவில் லட்சக்கணக்கானோர் பசியில் வாடினார்கள். அவர்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று தெரிய வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். ‘கொல்ல மாட்டோம்’ என்று மனசாட்சியின் பேரில் யுத்தத்துக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள்.

முதலில் நாளுக்குச் சுமார் 3200 கலோரி. பிறகு 1945 பிப்ரவரி முதல் ஜூலை வரை, 24 வாரம், ஏறத்தாழ பாதி: சுமார் 1570 கலோரி. உருளைக்கிழங்கு, ரொட்டி, டர்னிப், மக்ரோனி. இத்துடன் வாரத்துக்கு 22 மைல் நடை.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். 1570 கலோரி! நம் வீடுகளில் ‘டயட்’ என்று பலர் சாப்பிடுவது இதைவிடக் குறைவு.

அந்த இளைஞர்கள் எடையில் நாலில் ஒரு பங்கை இழந்தார்கள். சும்மா இருக்கும்போது ஆகும் செலவு சுமார் 40 சதவிகிதம் குறைந்தது. நாடித் துடிப்பு மிகவும் மெதுவானது. கோடையிலும் கோட்டுப் போட்டுக்கொண்டார்கள். சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம் போல் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். சிடுசிடுப்பு, மன வாட்டம். எங்கள் தெரு அக்காவின் கதை அப்படியே இருக்கிறது, இல்லையா?

உணவு மறுபடி கிடைத்ததும், சிலர் வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றார்கள். தசையைவிடக் கொழுப்புதான் வேகமாகத் திரும்பியது. சில காலம் உடம்பில் கொழுப்பு முன்பைவிட அதிகமாகவே இருந்தது. ஆனால் மாதங்கள் போகப் போக, போதிய உணவு கிடைத்ததும் உடம்பு பழைய நிலைக்கு மெல்லத் திரும்பியது. நமக்கு ஆறுதலான செய்தி இதுதான். இந்த ஆராய்ச்சி முழுவதையும் கீஸ் குழுவினர் 1950-ல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார்கள்.

டி.வி. போட்டியில் இளைத்தவர்கள்

அமெரிக்காவில் யார் அதிகம் இளைக்கிறார்கள் என்று ஒரு டி.வி. போட்டி நடந்தது. கடும் டயட், நாள் முழுக்க உடற்பயிற்சி. அப்படிக் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக 58 கிலோ இளைத்தவர்கள், அதில் 41 கிலோ திரும்ப ஏறியிருந்தார்கள். அதைவிட ஆச்சரியம், அவர்கள் உடம்புக்கு எதிர்பார்க்கும் செலவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவானது.

“அய்யய்யோ, அப்படின்னா என் மெட்டபாலிசம் நிரந்தரமாக் கெட்டுப் போச்சா?” என்று பயந்துவிடாதீர்கள். அது அளவு மீறிய வேகத்தில் இளைத்தவர்கள் கதை. சாதாரணமாக இளைத்தவர்களை, எடை சில வாரம் நிலையாக நின்ற பிறகு அளந்து பார்த்த 2020-ம் ஆண்டு ஆய்வில், இந்தக் கூடுதல் குறைவு நாளுக்குச் சுமார் 50 கலோரிதான் இருந்தது. அரை டம்ளர் காபிக் கணக்கு! அந்த டி.வி. போட்டியாளர்களிலும், எடையைக் காப்பாற்றிக் கொண்டவர்கள் உடல் உழைப்பைப் பெருமளவு கூட்டிக்கொண்டவர்களே என்று 2017-ல் தெரிந்தது.

“நாற்பது தாண்டிட்டா மெட்டபாலிசம் செத்துடும்” என்பதும் சரியில்லை. 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களை அளந்த ஆய்வு 2021-ல் வந்தது. உடம்பின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வயது வரை செலவு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். நாற்பதில் குறைவது பெரும்பாலும் தசையும் நடமாட்டமும்!

முறுக்கு டப்பா விஷயம்

கணவர் சொன்னதையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அவர் கிண்டல் செய்தது தப்பு. ஆனால் கணக்கில் ஒரு பாதி உண்மை இருக்கிறது.

‘எவ்வளவு குறைத்தாலும் இளைக்கவில்லை’ என்று சொன்ன சிலரை நியூயார்க்கில் சோதித்து 1992-ல் எழுதினார்கள். அவர்களுடைய மெட்டபாலிசம் சரியாகவே இருந்தது. சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதிதான் அவர்கள் கணக்கில் வந்திருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. பெரும்பாலோருக்கு நினைவில் நிற்பது தட்டில் வைத்துச் சாப்பிட்டது மட்டும்தான்.

நம் வீட்டில் பாருங்கள். குழந்தை மிச்சம் வைத்த தோசை, குழம்பில் உப்புப் பார்க்க ஒரு வாய், சர்க்கரை போட்டு நாலு வேளை காபி, விருந்தாளி வந்தால் கூட உட்கார்ந்து ரெண்டு பிஸ்கெட், தாளிக்கும் எண்ணெய். தேக்கரண்டி எண்ணெய் ஒன்றுக்கே 45 கலோரி! பகலெல்லாம் பட்டினி கிடந்தவருக்கு இரவு கை தானாக டப்பாவுக்குப் போவதும் உண்டு. அது குணக்கேடு இல்லை, கிரெலினின் வேலை. பகல் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிட்டால் பாதி முறுக்கு தானாக நின்றுவிடும்.

மீள்வது எப்படி?

*1. முதலில் பட்டினியை நிறுத்துங்கள்.* எடுத்த எடுப்பில் விருந்து வேண்டாம். மூன்று வேளைச் சாப்பாட்டை ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டு வாருங்கள். முதல் வாரம் ஒன்றிரண்டு கிலோ கூடலாம். பயப்படாதீர்கள். தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்து மறுபடி சேரும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்கிறது. டயட்டின் முதல் வாரத்தில் ‘மளமளவென்று’ குறைந்ததும் பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான்!

*2. இரண்டு மூன்று மாதம் எடையை நிலையாக வைத்திருங்கள்.* இளைக்கவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். அப்படி இருக்கிற இடத்தில் நிற்பதே ஒரு வெற்றிதான்.

*3. ஒவ்வொரு வேளையும் புரதம்.* சாதாரணமாக ஒரு கிலோ எடைக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் தேவை. இளைக்க நினைப்பவர்கள் தசையைக் காப்பாற்ற 1 முதல் 1.2 கிராம் வரை எடுத்துக்கொள்வது நல்லது. நம் தட்டில் சாதம் மலை, பருப்பு மடு! அதைக் கொஞ்சம் மாற்றுங்கள். முட்டை ஒன்றில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6 கிராம். நூறு கிராம் வெந்த கொண்டைக்கடலைச் சுண்டலில் 8 கிராம். நூறு கிராம் மீனில் சுமார் 20 கிராம். காலையில் பொங்கலோடு ஒரு முட்டை, மத்தியானம் கெட்டிப் பருப்பும் தயிரும், மாலையில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல், இரவில் பயறு அடை. வேறு விசேஷ உணவே தேவையில்லை. புரதத்தைச் செரிக்க உடம்பு அதன் கலோரியில் 20 முதல் 30 சதவிகிதத்தைச் செலவழிக்கும் என்பது கொசுறு லாபம். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.)

*4. தசைக்கு வேலை கொடுங்கள்.* வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்திருங்கள். சுவரில் கை வைத்துச் சாய்ந்து தள்ளி நிமிருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை எடுத்து, மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். மூச்சைப் பிடிக்கக்கூடாது. சுலபமாகிவிட்டால் இரண்டு மடங்காக்குங்கள். மூட்டுவலி, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுத் தொடங்கவும்.

*5. நடங்கள், நிறைய நில்லுங்கள்.* காலை நடை அரை மணி. அது தவிர, போனில் பேசும்போது நடப்பது, கடைக்கு வண்டி எடுக்காமல் போவது எல்லாம் கணக்கில் சேரும்.

*6. தூக்கம்.* சிகாகோவில் ஒரே மாதிரி டயட்டில் இருந்தவர்களை இரண்டு விதமாகத் தூங்க வைத்துப் பார்த்தார்கள். எட்டரை மணி நேரம் படுத்தபோது கரைந்த கொழுப்பில் பாதிக்கும் குறைவாகத்தான், ஐந்தரை மணி நேரம் படுத்தபோது கரைந்தது. அதற்குப் பதில் தசை அதிகம் கரைந்தது (2010). இரவு சீரியலும் செல்போனும் உங்கள் தசையைத் தின்கின்றன!

*7. அப்புறம் வேண்டுமானால் மெல்ல இளையுங்கள்.* சாப்பாட்டில் 300 முதல் 500 கலோரி குறைத்தால் போதும். வாரத்துக்கு அரைக் கிலோ. அதற்கு மேல் வேகம் வேண்டாம். வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பும் அதிகம்.

மெட்டபாலிசத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் பவுடர், மாத்திரை, வெந்நீரில் தேன் எலுமிச்சை எதுவும் இந்த ஏழுக்கு ஈடாகாது. தைராய்டு சரியாக இருப்பவர்கள் இளைப்பதற்காகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுவது இதயத்துக்கே ஆபத்து.

டாக்டரை எப்போது பார்க்க வேண்டும்?

● மாதவிலக்கு மூன்று மாதமாக வரவில்லை என்றால்.
● முடி கொட்டுதல், குளிர், மலச்சிக்கல், சோர்வு சேர்ந்து இருந்தால். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரைப் பரிசோதனைகள் தேவைப்படலாம்.
● மயக்கம், படபடப்பு இருந்தால்.
● நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், தாங்களாகச் சாப்பாட்டை வெட்டவே கூடாது. சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும்.
● கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால், வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

தராசு சொல்லாதது

கடைசியாக நம் சென்னையில் நடந்த ஒரு ஆய்வு. நீரிழிவு வரும் கட்டத்தில் இருந்த 531 பேரை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்று வருடம் போல் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். உணவைத் திருத்தி, நடையைக் கூட்டியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவிகிதம் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! தராசில் முள் அசையாவிட்டாலும் உள்ளே நல்லது நடக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னபோது, அவர் முதலில் கேட்டது ஒன்றுதான். “அப்போ நான் பொய் சொல்லலைதானே தம்பி?”

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இப்போது அவர் எடை 77. மெல்லியவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் முடி கொட்டுவது நின்றிருக்கிறது. மகள் வீட்டு மூன்றாவது மாடிக்குப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுகிறார். மத்தியானம் குடும்பத்தோடு உட்கார்ந்து, பருப்பு ஊற்றி, பொரியல் வைத்து நிம்மதியாகச் சாப்பிடுகிறார்.

முறுக்கு டப்பா? அது இப்போது கணவர் கையில் இருக்கிறதாம்!